உழக்கு அரிசியும் மூணு வரி நோட்டும்

"ஏளா, பிள்ளைய இன்னும் பள்ளிக்கூடத்துல சேக்கலையா?"

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசுகிற சீமை இது. பிள்ளை வீட்டிலேயே இருந்து தன்போக்கில் கற்கட்டும் என்று முடிவெடுத்த தாய் தகப்பன் இந்தக் கேள்வியைத் தெருவுக்குத் தெரு கேட்கத்தான் வேண்டும். கேட்கிற ஆச்சி மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பிள்ளை மேல் அக்கறை. என்னைக் கேட்டால், ஊர்வாயைவிட ராத்திரி விளக்கணைத்த பிறகு நம் மனசுக்குள் ஓடும் கணக்குதான் ஆபத்து. "அடுத்த வீட்டுப் பிள்ளை ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறதே" என்ற பயம், விடிந்ததும் பிள்ளையிடம் கேள்வியாக மாறி வாயில் வந்துவிடும்.

இட்லிக்கு அரிசி அளக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயசுப் பிள்ளை உழக்கை வாங்கி அளக்கிறது. 4 உழக்கு அரிசி, 1 உழக்கு உளுந்து. அளந்த அரிசியைப் படியில் கொட்டிப் பார்த்தால் சரியாக நிறைகிறது. அடுத்த வாரம் தலை தட்டாமல் குவித்து அளக்கிறது. படி வழிந்து தரையில் சிந்துகிறது. பிள்ளை உழக்கையும் படியையும் மாறி மாறிப் பார்க்கிறது. பிறகு உள்ளங்கையால் உழக்கின் தலையைத் தட்டி, திரும்ப முதலிலிருந்து அளக்கிறது. அளவு என்றால் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நாம் உள்ளே புகுவோம். "அப்போ அரைப் படிக்கு எத்தனை உழக்கு, சொல்லு பாப்போம்." பிள்ளை உழக்கைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விடும். பதில் தெரியாமல் போகவில்லை. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் கேட்காதீர்கள். "சித்தி வீட்டுலேருந்து நாலு பேர் வாராவ, இந்த மாவு காணுமா?" என்பது நிஜமான கேள்வி. அதற்குப் பிள்ளை யோசிக்கும்.

நம்பிக்கையோடு இருங்கள் என்று வெறுமனே சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. அதற்குக் கையில் ஒரு வேலை வேண்டும். ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் படுக்கும் முன் மூன்று வரி: பிள்ளை என்ன செய்தது, யார் தொடங்கியது, அது சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே அதன் வாய்மொழியில். "கணக்கு நன்று" என்று எழுதினால் அது பிராக்ரஸ் ரிப்போர்ட், தூர வையுங்கள். "படி ஏன் வழியுதுன்னு கேட்டா" என்று எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாளில் "ஒன்றுமில்லை" என்றே எழுதுங்கள். வாரா வாரம் புரட்டிப் பார்க்காதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரே மூச்சில் படியுங்கள். பிசான நெல்லுக்கு நாற்று விட்டவர் மறுவாரமே அரிவாளோடு வயலில் போய் நிற்பதில்லை. மாசக் கணக்கில் பார்த்தால்தான் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்திய பிள்ளைக்கு இன்னும் பொறுமை வேண்டும். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் சும்மா விடச் சொல்வார்கள் இந்த வழியில் போனவர்கள். அது தோராயக் கணக்குதான். மூன்றாவது வாரமே பயந்து ஒர்க்‌ஷீட் கட்டு வாங்கி வந்தால், அதுவரை விட்டது அத்தனையும் வீண்.

நல்லதைப் பார்க்கிறேன் என்று குறையைப் பார்க்காமல் விடவும் கூடாது. புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லையா, எட்டு வயசிலும் விருப்பத்தோடு முயன்றும் எழுத்து மனசில் நிற்கவில்லையா? கண், காது, கற்றல் குறைபாடு மூன்றையும் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அங்கே உங்கள் நோட்டு நன்றாகக் கைகொடுக்கும், தேதியோடு இருக்கிறதே.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக் கல்விக்கென்று தனிப் பிரிவு எதுவும் அதில் இல்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, இடையில் சேரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆக, திரும்பிப் போகக் கதவு திறந்தே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 5 பாடம். பதிவு 5 வருஷம் செல்லும். அதற்குள் 9 முறை எழுதலாம். ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டிய அவசியமில்லை.

ஆச்சியிடம் இதையெல்லாம் விளக்கி ஜெயிக்க முடியாது, முயலவும் வேண்டாம். பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கிக் கொடுங்கள். 14 குழி, குழிக்கு 5 புளியமுத்து. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று பிள்ளை விரலால் காற்றில் எண்ணிப் பார்க்கும், நாலு முத்து சேர்ந்ததும் "பசு!" என்று அள்ளும். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஆச்சி, நாலு நாளில் தெருவில் கேட்கிறவர்களுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வாவ.