காசா பணமா என்று கேட்ட ஐயாவுக்கு

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "போக்சோ சட்டத்தை இன்னும் கடுமையாக்கிவிட்டால் போதும், அதற்கு அரசுக்கு என்ன செலவு, காசா பணமா?" என்று மேடையில் ஐயா கேட்கிறார். போக்சோ என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். கூட்டம் கை தட்டுகிறது. தட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

காசுதான் ஐயா. பணம்தான். குழந்தைக்கான சட்டத்தில் ஒரு வரியை மாற்றினாலும் செலவு உண்டு. அரசு அதைக் கொடுக்காவிட்டால் குழந்தை கொடுக்கிறது.

செலவு வைக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும், தொடர் செலவு எவ்வளவு, ஒருமுறைச் செலவு எவ்வளவு என்று அதில் காட்ட வேண்டும் என்பது மக்களவை விதி. காரணமில்லாமலா அப்படி வைத்தார்கள்?

போக்சோவின் 2019 திருத்தம் வன்புணர்வுக்கான குறைந்தபட்சத் தண்டனையை 7 ஆண்டிலிருந்து 10 ஆக்கியது. குழந்தைக்கு 16 வயது நிரம்பவில்லை என்றால் 20 ஆண்டு. மிகக் கொடிய குற்றத்துக்கு மரண தண்டனையும் சேர்ந்தது. எண்ணை மாற்றத் தாளும் மையும் போதும். அந்த எண் ஒரு தீர்ப்பில் ஏறும்வரை வழக்கை இழுத்துக்கொண்டு போக ஆள் வேண்டுமே.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் பதிய வேண்டும். ஸ்டேஷனில் இருக்கும் ஒரே பெண் எஸ்.ஐ. திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் யார் வருவது? பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். ராத்திரி தாலுகா மருத்துவமனையில் அப்படி ஒருவர் பணியில் இல்லையென்றால் வண்டி வைத்துத் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ ஓட வேண்டும். போகிற நேரத்தில் தடயம் போய்விடும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். வழக்கு முடியும்வரை கூட நிற்க ஆதரவு நபர் வேண்டும். அவருக்கு, திறன் பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2020 விதிகளிலேயே இருக்கிறது.

நீதிமன்றக் கணக்கையும் சொல்கிறேன். வன்புணர்வு, போக்சோ வழக்குகளுக்கான 1023 விரைவு சிறப்பு நீதிமன்றங்களுக்கு 2019இல் மத்திய அரசு ஓராண்டுக்குப் போட்ட மதிப்பீடு, மாநிலங்களின் பங்கும் சேர்த்து, 767.25 கோடி. வகுத்தால் ஒன்றுக்கு 75 லட்சம். ஒரு நீதிபதி, ஏழு ஊழியர். ஆண்டுக்கு 65 முதல் 165 வழக்கு முடிக்க வேண்டும் என்பது இலக்கு. அப்படியானால் ஒரு வழக்குக்கு ஏறத்தாழ 45 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய். ஒரு குழந்தைக்கு நியாயம் கிடைக்க இது பெரிய தொகையா? நான் பெரிதென்று சொல்லவில்லை. செலவே இல்லை என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கடுமையான தண்டனை என்றால் பயம் வராதா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலான வழக்கில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவன். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரன். இருபது வருஷம் என்றதும் உறவு முழுக்கக் கூடிவந்து, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லித் தாயின் காலில் விழும். அந்த நேரத்தில் தாயோடு நிற்க ஒரு ஆதரவு நபர் இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்? குழந்தையின் சாட்சியத்தை 30 நாளில் பதிய வேண்டும், விசாரணையைக் கூடியவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தா விழுந்தால், ஏழு வயதில் நடந்ததைப் பத்து வயதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லில் சின்ன முரண் வரும். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் போகும். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போய், வழக்கு தள்ளிவைக்கப்பட்டுத் திரும்பும் தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் நடவுக் கூலி. இந்தச் செலவு எந்த நிதிக் குறிப்பில் வருகிறது?

"அரசிடம் பணம் இல்லை" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

டெல்டாக்காரனுக்கு இதை இவ்வளவு விளக்க வேண்டுமா? ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? தூர் வார வேண்டும், மதகைச் சரிபார்க்க வேண்டும், அதற்கு ஆளும் கூலியும் வேண்டும் என்று ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து கேட்பவர்கள்தானே நாம்? நெல்லுக்குக் கேட்கத் தெரிந்த நமக்குப் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியவில்லையே. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். அன்றைக்கும் விதி இருந்தது. போய்ப் பார்த்துத் தடுக்க ஆள்தான் இல்லை.

ஆட்டுக்கிடையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்படும் பையனுக்கும் இதே கதி. உடனடி உதவி 30 ஆயிரம் வரை. மறுவாழ்வுத் தொகை 2 லட்சம் என்கிறது திட்டம், ஆனால் அது வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு நகரவில்லையென்றால் பணமும் நகராது. பையன் மறுபடி கிடைக்கே போவான்.

கை தட்டியவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். போக்சோ வழக்குகளுக்கு ஆதரவு நபர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவர் கையிலும் எத்தனை வழக்கு, கடைசியாக எந்த மாதம் அவர்களுக்குப் பணம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை இங்கே கீழே போடுங்கள்.