கண்ணாடிக்கு மேல் கண்ணாடி, நடுவில் ஒரு தூசி

ஃபோன் திரை மேல் ஒட்டிய டெம்பர் கிளாஸ் என்கிற காப்புக் கண்ணாடிக்கு அடியில் மறுபடியும் தூசி. ஓரத்தில் எங்காவது விழுந்து தொலைத்திருந்தால் பேக் கவர் மறைத்திருக்கும். சரியாக நடுவில், கீபோர்டுக்கு ஒரு விரல் மேலே, படிக்கிற ஒவ்வொரு வரியும் கடந்து போயே தீர வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தூசி என்னவோ கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதைச் சுற்றி மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழி. வெள்ளைப் பின்னணியில் ஒளிந்துகொள்ளும், ஃபோனை அணைத்ததும் பளிச்சென்று தெரியும். வெயிலில் கேட்கவே வேண்டாம்.

டெம்பர் கிளாஸ் ஒட்டுவது நோகாத வேலை, ஒரு நிமிடத்தில் முடியும் என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டிருக்கிறார்களே, அந்த ஒரு நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

உள்ளே இரண்டு பொட்டலம். 1 என்று போட்டது ஆல்கஹாலில் நனைத்த துடைப்பான். விரல் எண்ணெயை எடுக்கும், சில விநாடியில் தானே ஆவியாகிவிடும். அதில் குறை இல்லை. 2 என்று போட்டது உலர்ந்த துணி, வினை ஆரம்பிப்பதே அதில்தான். உலர்ந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். ஏறிய பிறகு அறைக்குள் மிதக்கிற நூல், தோல் துகள், பஞ்சு எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி தானாகவே இழுத்துக்கொள்ளும். தூசி போகக் கொடுத்த துணியே தூசியைக் கூட்டி வருகிறது! அடுத்தது தூசி எடுக்கிற ஸ்டிக்கர். அதை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தால் கண்ணாடி உண்மையிலேயே சுத்தமாகிவிடும். ஒரு பத்து விநாடிக்கு.

ஏனென்றால் அடுத்து டெம்பர் கிளாஸின் பின்தாளை உரிக்க வேண்டும். சர்ரென்று உரிக்கிற அந்த வேகத்தில் பசைப் பக்கத்திலும் மின்னேற்றம். இப்போது ஒரு கையில் தூசியை இழுக்கிற கண்ணாடி, கீழே தூசியை இழுக்கிற ஃபோன், இரண்டுக்கும் நடுவில் நம் சட்டைக் கை. ஸ்பீக்கர் துளை நேராக இருக்கிறதா, இடது பக்கம் ஒரு இழை கூடிவிட்டதா என்று குனிந்து பார்க்கிற மூன்று நான்கு விநாடியும் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கின்றன. அந்த மூன்று விநாடியில்தான் அது வருகிறது.

பிறகு கையை விடுகிறோம். நடுவில் ஒரு விரல் வைத்ததும் பசை பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊறுவதுபோல் கருப்பாக நாலா பக்கமும் பரவுகிறது. பார்க்க அவ்வளவு அழகு. மேலே போகிறது, பக்கவாட்டில் போகிறது, மூலையைத் தொடுகிறது. ஓரிடத்தில் மட்டும் வட்டமாகச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறது. நின்றது நின்றதுதான்.

அந்த இடத்தை அட்டையால் அழுத்தித் தேய்ப்பவர்களே, நிறுத்துங்கள். காற்றுக் குமிழி என்றால் தள்ளினால் நகரும், ஓரம் வரை தள்ளி வெளியேற்றலாம், சின்னதாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தானே மறையவும் செய்யும். தூசிக் குமிழி நகராது. வழக்கமான டெம்பர் கிளாஸ் 0.33 மில்லிமீட்டர் தடிமன், அது துணிபோல் தூசியின் மேல் படிந்து மடங்காது. நடுக்கம்பு நட்ட கூடாரம்போல் தூசியின் மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் தம்மாத்துண்டு துகளுக்கு அத்தனை பெரிய குமிழி. இன்னும் அழுத்தினால் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பும், அவ்வளவுதான் லாபம்.

எடுக்க வழி உண்டு. குமிழிக்கு அருகே இருக்கிற மூலையில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். நகத்தால் நெம்பக் கூடாது, ஓரம் பொரிந்துவிடும். ஒரு செலோடேப் துண்டை மேற்புறம் ஒட்டி, அதைப் பிடித்துக் கண்ணாடியை வளையாமல் தூக்கி நிறுத்தவும். இன்னொரு டேப் துண்டால் தூசி இருக்கிற இடத்தை ஒற்றி எடுக்கவும். பசைப் பக்கத்தைத் தேய்க்கவே கூடாது, ஒற்ற மட்டும்தான். பெரும்பாலும் தூசி பசையில்தான் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் கீழே ஃபோனில் தேடுங்கள். திரும்ப இறக்குங்கள். அது போய்விட்டதா? போய்விட்டது. ஆனால் தூக்கிய மூலை வழியாகப் புதிதாக இரண்டு உள்ளே வந்திருக்கும்.

ஒழுங்காக ஒட்டுகிற முறை ஒன்றும் மந்திரம் இல்லை. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் மூடிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் காற்றில் இருக்கிற தூசி ஈரத்தோடு கீழே படியும். அங்கே நின்று ஒட்ட வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது. பின்தாளை உரிப்பதற்கு முன்பே கண்ணாடியை ஃபோன் மேல் சரியாக வைத்துப் பார்த்து, நீளமான ஒரு பக்கத்தில் இரண்டு டேப் துண்டுகளைக் கீல்போல ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு புத்தகம் திறப்பதுபோல் திறந்து, துடைத்து, ஸ்டிக்கரால் ஒற்றி, தாளை உரித்து, உடனே மூடலாம். குறி பார்க்கிற வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டதால் திறந்து கிடக்கிற நேரம் ஒரு விநாடிதான். இதைவிடச் சுலபம், ஃபோனை உள்ளே வைத்து மேலே அழுத்திவிட்டுத் தாளைப் பக்கவாட்டில் இழுக்கிற பிளாஸ்டிக் சட்டம். கண்ணாடியைக் காற்றே தொடாமல் ஒட்டிவிடும். சட்டம் இல்லாமல் விற்கிறவர்களுக்கும் இது தெரியாதா? அந்தத் துண்டுப் பிளாஸ்டிக்கை ஒவ்வொரு பெட்டியிலும் வைத்தால் என்ன கெட்டுவிடும்? அதற்குப் பதிலாகத்தான் இரண்டு கண்ணாடி போட்டுக் கொடுக்கிறார்கள். முதலாவது வீணாகப் போகும் என்று தெரிந்தேதான் இரண்டாவதை வைக்கிறார்கள்.

இத்தனையும் எதற்காக? பெட்டி மேல் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறதே, 9ஹெச், அதற்காக. வயிறு எரிவது இதில்தான்.

அந்த 9ஹெச் பென்சிலுடையது. பெயிண்ட், வார்னிஷ் பூச்சுகளைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. பென்சில் முனையைத் தட்டையாக்கி, 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடையோடு பூச்சின் மேல் இழுப்பார்கள். கீறாத பென்சில்களில் மிகக் கடினமானது எதுவோ அதுதான் பூச்சின் மதிப்பு. வரிசையில் கடைசிப் பென்சில் 9ஹெச். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. எந்தக் கண்ணாடியைத்தான் அது கீறப் போகிறது? ஜன்னல் கண்ணாடியும் இந்தத் தேர்வில் தேறிவிடும். ஆனால் வாங்குகிறவர் என்ன நினைக்கிறார்? ஃப்ரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த கனிமக் கடினத்தன்மை வரிசையை நினைக்கிறார். அதில் 10 வைரம், 9 குருந்தம், அதாவது நீலக்கல் வகை. வைரத்துக்கு அடுத்த இடம் என்று நம்பட்டும் என்றே அந்த எழுத்து. அதே மோஸ் வரிசையில் 6-ல் இருக்கிற பொருளே ஃபோன் கண்ணாடியை லேசாகக் கீறும், 7-ல் இருப்பது ஆழமாகக் கீறும். மேலே ஒட்டுகிற டெம்பர் கிளாஸும் ஏறக்குறைய அதேதான், கூடுதல் கடினம் ஒன்றும் கிடையாது. சொட்டு சொட்டாகத் தடவுகிற திரவப் பூச்சுக்கும் 9ஹெச் என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அதை விற்கிறவர்களை என்ன சொல்வது? காய்ந்தபின் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம், அதன் அடியில் இருப்பது உங்கள் ஃபோனின் கண்ணாடி. தேர்வில் பாஸ் ஆனது அந்தக் கண்ணாடி.

இங்கேதான் மக்கள் சாவியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சாவியும் சில்லறையும் மோஸில் கண்ணாடிக்குக் கீழே, கீறாது. கீறுவது மணல். மணலில் இருப்பது குவார்ட்ஸ், மோஸ் 7. பைக்குள், பாக்கெட் தையலின் அடியில், மேஜை மேல் கிடக்கிற ஒரே ஒரு மணல் துகள் போதும். குப்புற வைத்த ஃபோனை அரை அங்குலம் நகர்த்தினால் கோடு விழுந்துவிடும். ஆக, டெம்பர் கிளாஸ் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: அந்தக் கோட்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டு குப்பைக்குப் போவது. அது நல்ல வேலைதான். அதை அப்படியே சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கவசம் என்று விற்கும்போதுதான் கோபம் வருகிறது. “கிளாஸ் உடைஞ்சிது, டிஸ்ப்ளே தப்பிச்சிது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். 0.33 மில்லிமீட்டர் தகடு உடைகிற அடியில் கீழே இருக்கிற கண்ணாடியும் உடைந்திருக்கும் என்பதற்கு என்ன சாட்சி? மெலிந்தது முதலில் உடையும், அவ்வளவுதான். ஃபோன் கண்ணாடியை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுப்பார்கள். சின்ன சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். மேற்பரப்பு முழுக்க அழுத்தத்தில் இறுகிப்போவதால் விரிசல் எளிதில் கிளம்பாது. அந்த இறுகிய அடுக்கை ஊடுருவுகிற ஆழமான கீறல் விழுந்தால் பலம் போய்விடும், அடுத்த விழுகையில் அங்கிருந்தே உடையும். கீறல் விழாமல் காப்பதால் உடைவதையும் ஓரளவு தள்ளிப்போடலாம் என்பது உண்மை. ஆனால் ஃபோன் விழுவது மூலையில், விளிம்பில். டெம்பர் கிளாஸ் அந்த விளிம்பைத் தொடுவதே இல்லை. அங்கே காப்பாற்றுவது திரையைவிட ஓரம் சற்று உயர்ந்த பேக் கவர். காசு போட வேண்டிய இடம் அது. அந்தக் கவரும் இறுக்கமாக இருந்தால் டெம்பர் கிளாஸின் ஓரத்தைத் தூக்கிவிடும். பிறகு ஓரத்தில் வெள்ளைக் கோடு, அதில் அழுக்கு, அப்புறம் அதுவே கழன்று வரும்.

வளைந்த டிஸ்ப்ளேக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஓரத்தில் மட்டும் பசை வைத்த கண்ணாடியை ஒட்டினால் நடுவில் காற்று நிற்கும், டச் மந்தமாகும், விரல் வைத்த இடம் டக் டக் என்று தட்டும். திரவப் பசை ஊற்றி யுவி விளக்கில் இறுக்குகிற வகை என்றால் பசை வழிந்து ஸ்பீக்கர் வலைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் புகுந்து அங்கேயே இறுகும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஊற்றுவதற்கு முன் துளைகளையும் பட்டன்களையும் டேப்பால் மூடுங்கள், மேஜை மட்டமாக இருக்கட்டும். திரைக்குள் கைரேகை சென்சார் உள்ள ஃபோனில் எதை ஒட்டினாலும் பழைய ரேகையை அழித்துவிட்டு, ஒட்டிய கண்ணாடியின் மேலேயே புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு முன் அந்த மாடலுக்குப் பொருந்துகிற கிளாஸா என்றும் பாருங்கள். 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10-ல் சில சிலிகான் உறைகளைத் திரை மேல் வைத்தால் யார் விரல் வைத்தாலும் ஃபோன் திறந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு மென்பொருள் திருத்தம் அனுப்ப வேண்டியதாயிற்று.

அப்போ ஒட்டலாமா, வேண்டாமா? மணல், சிமென்ட், மண் புழங்குகிற வேலையா, ஃபோனைக் கண்ட இடத்தில் குப்புற வைக்கிற பழக்கமா, இரண்டு வருடத்தில் விற்கப் போகிறீர்களா, ஒட்டுங்கள். முழுப் பசை கொண்டது, சுற்றிலும் ஒரு இழை சிறியது, சட்டத்தோடு வருவது. மேசை, பை, மேசை என்றே ஃபோனின் நாள் கழிகிறது, கவரின் ஓரம் உயர்ந்திருக்கிறது என்றால் ஒட்ட வேண்டாம். பிரதிபலிப்பைக் குறைக்கிற கண்ணாடி வைத்த ஃபோன் என்றால், உதாரணத்துக்கு 2024-ல் வந்த சாம்சங் எஸ்24 அல்ட்ரா, அதன் மேல் சாதா கிளாஸ் ஒட்டுவது அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்த காசைக் குப்பையில் போடுவது. மடக்கு ஃபோனில் உள்திரை மேல் தொழிற்சாலையிலேயே ஒட்டி வருகிற படலத்தை மட்டும் சாதா ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிடாதீர்கள். 2019-ல் முதல் கேலக்ஸி ஃபோல்டில் விமர்சகர்களே அப்படி உரித்துத் திரை போய், விற்பனையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஓரம் பொரிந்த டெம்பர் கிளாஸை “இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்” என்று விடாதீர்கள், கட்டை விரலைக் கிழிக்கும்.

இதெல்லாம் போகட்டும், கேமராவுக்கும் கண்ணாடி ஒட்ட ஆரம்பித்துவிட்டீர்களே, அது யார் சொல்லி? திரைக்கு முன்னால் ஒரு கண்ணாடி வந்தால் கண் பழகிக்கொள்ளும். லென்ஸுக்கு முன்னால் வந்தால் படமே போச்சு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் முன்னும் பின்னும் மோதும். ராத்திரியில் ஒரு தெருவிளக்கைப் படம் எடுத்துப் பாருங்கள், விளக்குக்குப் பக்கத்தில் இல்லாத விளக்கு ஒன்று பச்சையாக மிதக்கும். நாளாக ஆக உள்ளே தூசி புகும், ஈரம் படியும், எல்லா முகத்துக்கும் புகை மூட்டம். அதை வைத்துக்கொண்டு “கேமரா சரியில்லை” என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கழற்றி எறியுங்கள் அதை, இன்றைக்கே.