58 கி.மீ. காற்றும் பத்து நிமிடக் கடிகாரமும்
கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்வது பற்றிய இந்தக் கட்டுரை, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் ராமேஸ்வரத்து முகூர்த்தம் தவறாது என்கிறது; ராமேஸ்வரம் தீவுக்குக் கடலைத் தாண்டிப் போகும் பாம்பன் பாலத்துக்கு அது பொருந்தாது. கட்டுரையில் வரும், கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்துக்கொள்ளும் அந்த மாமா, தாலி கட்டி முடிந்தபின் போய்ச் சேர்ந்தது அவர் தவறே அல்ல. காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலைப் பாலத்தில் ஏற்ற மாட்டார்கள். தணியும்வரை பாலத்துக்கு இக்கரையிலுள்ள மண்டபம் ரயில் நிலையத்தில் நிற்க வேண்டியதுதான், அது அரை மணியா மூன்று மணியா என்று எவராலும் சொல்ல முடியாது. ‘பஸ்ஸில் வந்திருக்கலாமே’ என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார். 1988இல் திறந்த சாலைப் பாலம் இருவழிதான். கடலையும் ரயிலையும் பார்க்க நடுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள் (இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்), எதிரெதிரே இரண்டு சுற்றுலாப் பேருந்து வந்தால் அடைத்துக்கொள்கிறது; ஆடி, தை அமாவாசைகளில் கேட்கவே வேண்டாம். காற்று பலமென்றால் மண்டபம்வரை போகாமல் ராமநாதபுரத்திலேயே ரயிலைவிட்டு இறங்குங்கள், பஸ்ஸும் வாடகைக் காரும் அங்கேதான் சுலபமாகக் கிடைக்கும்; மீதி சுமார் 55 கி.மீ. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமென்றால் அதையும் நம்பாமல் முதல்நாள் பொழுது சாய்வதற்குள் பாலத்தைத் தாண்டித் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் தங்கிவிடுங்கள். தாலியும் கூறைப்புடவையும் அந்த முதல்நாள் வண்டியிலேயே போகட்டும்.