ஜன்னலுக்கு வெளியே நிற்பவரின் உடை

துணை முதல்வர் அரசு நிகழ்ச்சிகளுக்கு டி-சர்ட் அணிந்து வரலாமா என்ற வழக்கு 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஓய்வுபெற்ற வருவாய்த் துறையினரான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தது. வேலையைப் பார்க்க வேண்டுமே தவிர சட்டையைப் பார்க்கக் கூடாது என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பொதுமக்களுக்கு முன்னால் உட்காருபவரின் உடையில் அவர்கள் மீதான மரியாதையும் கொஞ்சம் இருக்கிறது.

தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு 2019இல் வந்த அரசாணையும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஆண்களுக்குச் சட்டையோடு பேண்ட் அல்லது வேட்டி, பெண்களுக்குப் புடவை அல்லது துப்பட்டாவுடன் சுடிதார், நிறம் கண்ணை உறுத்தாததாக இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் ஆண்கள் கோட்டும் அணிய வேண்டும் என்றிருந்ததை மட்டும், சென்னையின் மே மாத வெயிலை அறிந்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம்.

ஆனால், இந்த விவாதம் எல்லாமே நாற்காலியில் இருப்பவரைப் பற்றியது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவரின் உடைக்கு நாங்கள் என்ன மதிப்பெண் போட்டோம் என்பதை எந்த அரசாணையும் கேட்கவில்லை. சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு வந்தவரைப் பார்த்ததும் "உட்காருங்க சார்" என்று தானாக வாயில் வரும். வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தவர் எழுபது வயதுக்காரராக இருந்தாலும் "அப்படி ஓரமா இருப்பா" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன்.

2014 ஜூலையில், வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குள் விடவில்லை. சட்டமன்றம் அடுத்த மாதமே சட்டம் இயற்றியது: வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் உரிமம் ரத்தாகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். எனினும் எங்கள் அலுவலகத்தில் வேட்டி கட்டியவரை யாரும் தடுக்கவில்லையே, நிற்கத்தானே வைத்தோம். அதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

பட்டா மாறுதலுக்காக ஒரு பெரியவர் மூன்று முறை வந்தார். என் மேசையை நெருங்கும்போதெல்லாம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்; அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறை அவர் மனுவை நீட்டியபோதுதான் கவனித்தேன்: அதே வேட்டி, அதே வெள்ளைச் சட்டை, துவைத்து நீலம் போட்டுப் பெட்டி மடிப்புக் கலையாமல் இருந்தன. தாலுகா ஆபீசுக்குப் போவதற்கென்றே ஒரு சோடியை எடுத்து வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு நான் முதல் நாள் போட்ட அதே கட்டம்போட்ட சட்டையோடு, மேசைக்கடியில் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.