ஒரு தடவைகூட ஃபெயில் ஆகாத பைக்காம்!

பிரிட்டனில் பழைய 125 சிசி பைக் விற்கிறவர்கள் எல்லோரும் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இந்த ஒரே வசனத்தை மனப்பாடம் செய்கிறார்களோ தெரியவில்லை. "பன்னிரண்டு மாச எம்ஓடி இருக்கு, இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்ல." எம்ஓடி என்றால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருஷா வருஷம் பார்க்கிற கட்டாயச் சோதனை. இன்ஜின் ஏன் இப்படிக் கடகடக்கிறது என்று கேட்டாலும் எம்ஓடி. ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றாலும் எம்ஓடி. இரண்டாவது கியர் ஏன் நழுவுகிறது என்றால், "அதான் பாஸ் ஆயிருக்கே அண்ணே, வேற என்ன வேணும்?" என்று நம்மையே குற்றவாளியாகப் பார்க்கிறார்கள்.

ஒன்றுவிட்ட தம்பிக்கு டெலிவரி வேலைக்கு ஒரு சின்ன பைக் வேண்டும் என்று அவனோடு அலைந்துகொண்டிருக்கிறேன். பார்த்த வண்டி எல்லாம் இதே கதை. இதில் அவனும் சேர்ந்துகொண்டு, "அண்ணா, இந்த மாடல் பாஸ் ஆகிற சதவீதம் தொண்ணூறாம், நெட்ல போட்டிருக்கான், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்கிறான். கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கு அது என்ன லாட்டரிச் சீட்டா?

அந்தச் சோதனையில் எதைப் பார்க்கிறார்கள் என்று யாராவது படித்துப் பார்த்தார்களா? பிரேக், டயர், விளக்கு, ஹாரன், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சக்கரம், ஃபிரேம், செயின், சைலன்சர், நம்பர் பிளேட். சரி, எல்லாம் உயிரைக் காக்கிற சமாச்சாரம்தான், பார்க்கட்டும். ஆனால் இன்ஜினின் நிலை, கிளட்சின் நிலை, கியர்பாக்ஸின் நிலை, இந்த மூன்றும் சோதனையில் கிடையாது. அரசாங்கமே தன் இணையதளத்தில் பச்சையாக எழுதி வைத்திருக்கிறது. கார்களுக்காவது புகையை அளப்பார்கள், பைக்குக்கு அதுவும் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயிலைக் குடிக்கிற வண்டி, கிளட்ச் வழுக்கி மேட்டில் முனகுகிற வண்டி, எல்லாம் ஜம்மென்று பாஸ் ஆகும். ஒரு சின்ன பைக் வாங்குகிறவனுடைய பர்ஸைக் காலி செய்கிற மூன்று பாகமும் கணக்கிலேயே இல்லாத ஒரு சோதனையைக் காட்டி "நம்பகமான வண்டி" என்று விற்கிறார்கள்.

பார்க்கிற விஷயத்திலும் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 50 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு டயரின் பள்ளம் அகலத்தில் முக்கால் பங்குக்கு 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கார்களுக்கே 1.6 கேட்கிறார்கள், இரண்டே சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு 1! சோதனை நாளில் அந்த 1 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு மயிரிழை இருந்தால் பாஸ். நாள் முழுக்க ஓடுகிற டெலிவரி பைக்குக்கு அந்த மயிரிழை எத்தனை நாள் தாங்கும்? ஆனால் கையில் இருக்கிற சான்றிதழ் பன்னிரண்டு மாசத்துக்குச் செல்லும். பிரேக்கும் அப்படித்தான். ஒரு பிரேக்கின் திறன் 30 சதவீதம், இன்னொன்றின் திறன் 25 சதவீதம் தாண்டினால் சரி. தாண்டிக் குதித்ததா, தவழ்ந்து தாண்டியதா என்று சான்றிதழில் வராது.

என் சொந்த வண்டியின் கதை இன்னும் எரிச்சல். இன்ஜின் கடிகாரம் மாதிரி ஓடுகிறது, ஆயில் நேரத்துக்கு மாற்றுகிறேன், செயினுக்கு வாராவாரம் ஸ்ப்ரே. சோதனைக்குக் கொண்டுபோனால் ஹெட்லைட் உயரமாகப் பார்க்கிறதாம், ஃபெயில்! பின்னால் பெட்டி கட்டி எடை ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். அந்தப் பெட்டியோடேயே சோதனைக்கு நிறுத்திவிட்டேன். ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் தீர்ந்தது. எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதை நான் மறுக்கவில்லை, அது நியாயம். ஆனால் அந்த ஒரு ஸ்க்ரூவுக்காக என் வண்டியின் வரலாற்றில் ஃபெயில் என்று சிவப்பு விழுந்து, சொந்தக்காரர்கள் விசேஷத்தில் பார்க்கும்போதெல்லாம் "உன் வண்டி எம்ஓடி ஃபெயிலாமே, பேசாம வித்துடு" என்று அறிவுரை சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. சொன்னவருடைய பைக் பக்கத்தில் நின்றால் ஆயில் கருகுகிற வாடை வரும். அது முதல் தடவையிலேயே பாஸ்!

இன்னொரு கூத்து கேளுங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் அறவே இல்லாத பைக்கை, அல்லது அவற்றை நிரந்தரமாகத் துண்டித்தோ மூடியோ வைத்திருக்கிற பைக்கை, பகலில் மட்டும் ஓட்டுவதற்கு என்று குறிப்பு எழுதி பாஸ் போடலாம். விதியிலேயே இருக்கிறது. அதாவது விளக்கே இல்லாதவன் பாஸ், விளக்கு வைத்துக்கொண்டு அது கொஞ்சம் மேலே பார்த்தால் ஃபெயில். இந்த இரண்டு வண்டியையும் ஒரே பட்டியலில் போட்டு, கூட்டி, வகுத்து, சதவீதம் போட்டு அதைத்தான் தம்பி எனக்குக் காட்டுகிறான்.

அந்தச் சதவீதத்துக்கே வருவோம். பைக்குகள் கார்களைவிடக் குறைவாகத்தான் ஃபெயில் ஆகின்றன, அது உண்மை. முதல் சோதனையில் விழுகிற பைக்குகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு, கார்களில் நாலில் ஒன்றுக்கு மேல். உடனே "பார்த்தியா, பைக் கெட்டியான பொருள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கார் மழை, பனி பார்க்காமல் தினமும் ஓடுகிறது. பைக்குகளில் ஒரு பெரிய கூட்டம் வெயில் அடித்தால் மட்டும் வெளியே வந்து, மிச்ச நாள் முழுக்கக் கம்பளி போர்த்திக்கொண்டு கராஜில் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டூத்பிரஷ் வைத்து ஸ்போக் துடைக்கிற ஆட்களின் வண்டி அது. அது ஃபெயில் ஆனால்தான் செய்தி. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பில் குளித்து, பிரேக் காலிப்பர் இறுகி, வயர் கனெக்டரில் பச்சை பூத்து, இன்டிகேட்டர் நினைத்தால் எரிகிற டெலிவரி 125-ஐயும் அதையும் ஒன்றாக நிறுத்திக் கூட்டல் போட்டால் என்ன விடை வரும்? வண்டியைப் பற்றிய விடை வராது, வண்டிக்காரரைப் பற்றிய விடைதான் வரும்.

அதிலும் 125 என்றால் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறவர்களின் வண்டி. பதினேழு வயது ஆனதும் ஒரு அடிப்படைப் பயிற்சி, கையில் அந்தப் பயிற்சியை முடித்ததற்கான சிபிடி சான்று, வண்டியில் எல் போர்டு, கிளம்பிவிடலாம். சிபிடி இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதற்குள் லைசென்ஸ் வாங்கினவன் பெரிய வண்டிக்குப் போய்விடுவான். புது பைக்குக்கு முதல் எம்ஓடி மூன்று வருஷம் கழித்துத்தான். அதற்குள் வண்டி இரண்டு கை மாறி, நாலு தடவை விழுந்து எழுந்து, செயின் டைட் செய்வது என்றால் என்னவென்றே தெரியாத யாரோ ஒருவரிடம் இருக்கும். திருட்டுப் போனது, நொறுங்கிப் போனது எல்லாம் சோதனைக்கே வராது, அதனால் கணக்கிலும் வராது. பிழைத்து வந்ததை மட்டும் எண்ணிக்கொண்டு "இந்த மாடல் நன்றாக உழைக்கிறது" என்கிறோம்.

சரி, எண்ணுவதாவது ஒழுங்காக எண்ணுகிறார்களா? சோதனை நடத்துகிற கராஜில் இரண்டு வகை. ஒரு மெக்கானிக் வண்டி கைக்கு வந்ததும் ஒரு சுற்று பார்ப்பார். பல்பு எரியவில்லையா, மாற்றுவார். செயின் தளர்ந்திருக்கிறதா, இழுப்பார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரில் சோதனையைத் தொடங்குவார். ரெக்கார்டில் சுத்தமான பாஸ். இன்னொருவர் முதலில் சோதனையைத் தொடங்கி, குறையைக் கண்டு, ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே சரிசெய்து முடிப்பார். அது சரிசெய்தபின் பாஸ் என்று தனிக் கணக்கில் போகும், முதல் ஃபெயில்களோடு சேரும். இரண்டு பேரிடமும் போனது அதே பல்பு போன அதே வண்டி! இதில் தொண்ணூறா எண்பதா என்பது எந்த மெக்கானிக் எந்தப் பட்டனை எப்போது அழுத்தினார் என்பதைப் பொறுத்தது. பைக்குகள் விழுகிற காரணங்களில் முதலிடம் எப்போதும் விளக்கும் சிக்னலும்தான். சில்லறைக் காசில் முடிகிற சமாச்சாரம். அதை முன்னால் செய்தால் ரிலையபிள், பின்னால் செய்தால் டப்பா!

நாற்பது வருஷம் தாண்டிய, பெரிதாக எதையும் மாற்றாத வண்டிக்கு எம்ஓடியே வேண்டாம் என்பது தனிக் கதை. எழுபதுகளின் கடைசியில் வந்த ஹோண்டா சிஜி125 ஒன்று இன்றைக்கு ஓடினால் அதற்குச் சோதனை கட்டாயம் இல்லை. அது ஒரு தடவைகூட ஃபெயில் ஆகாது, ஏனென்றால் யாரும் பார்க்கவே போவதில்லை. அதையும் விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1960-இல் இதைக் கொண்டுவந்தபோது பத்து வருஷம் பழைய வண்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது, பிறகு 1967-இல் மூன்று வருஷமாகக் குறைத்தார்கள், நல்லதுதான். ஸ்டியரிங் பேரிங் ஆட்டத்தையும் ஃபோர்க் சீல் கசிவையும் அந்தச் சோதனைதான் பலருக்குக் காட்டிக்கொடுக்கிறது. பைக்குக்கு அதிகபட்சக் கட்டணம் 29.65 பவுண்டு, அதற்கு இது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். எம்ஓடி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம் போடுவதும் சரிதான். என் கோபம் அந்தத் தாளின் மேல் இல்லை. அன்றைக்கு, அந்த அரை மணி நேரத்தில், குறைந்தபட்ச அளவைத் தொட்டது என்று மட்டும் சொல்கிற தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, வருஷம் முழுக்கக் கேரண்டி மாதிரி என் முகத்துக்கு நேரே ஆட்டுகிறவர்கள் மேல்தான்.

இத்தனைக்கும் உண்மை தெரிந்துகொள்ள வேண்டுமானால் வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. வண்டி நம்பரைப் போட்டால் 2005-லிருந்து நடந்த சோதனைகளின் வரலாறு வருகிறது. பாஸ், ஃபெயில் என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். கீழே அட்வைசரி என்று, அதாவது ஃபெயில் போடாமல் எச்சரிக்கையாகக் குறித்து வைத்திருப்பதை, படியுங்கள். "பின் டயர் எல்லையை நெருங்குகிறது" என்று போன வருஷமும் இந்த வருஷமும் அதே வரி இருந்து, மைலேஜ் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் அந்த ஆள் வண்டியை எப்படி வைத்திருப்பார் என்று புரிந்துவிடும். ஒரு ஃபெயில், அடுத்த நாளே பாஸ், குறிப்பு எதுவும் மிச்சமில்லை என்றால், அந்த ஆள் சொன்னதைச் செய்கிறவர். நான் அந்த வண்டியைத்தான் முதலில் பார்க்கப் போவேன்.

நேற்று இதையெல்லாம் தம்பியிடம் தொண்டை கிழியச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, ஆனா இன்னொரு வண்டி பார்த்து வெச்சிருக்கேன், ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்லையாம்" என்று போனை நீட்டினான். நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஃபெயில் ஆகாததற்குக் காரணம் இருந்தது. முதல் பதிவு ஆகி இன்னும் மூன்று வருஷமே ஆகவில்லை.