"வடக்கு இல்லண்ணா, ஒடிசா"

போன மாதம் கொளத்தூர் வீட்டில் பாத்ரூம் டைல்ஸை உடைத்துப் புதிதாகப் போட்டோம். மேஸ்திரி இரண்டு பேரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வழக்கம்போலக் காணாமல் போனார். மதியம் தங்கச்சி போனில் கேட்டாள், வேலை நடக்குதா என்று. "ரெண்டு வடக்கனுங்க வந்திருக்கானுங்க, ஓடிட்டிருக்கு" என்றேன்.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார். புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசி. "வடக்கு இல்லண்ணா, ஒடிசா. கடல் பக்கம், உங்க மாதிரி" என்றார். நல்ல சென்னைத் தமிழ், ஏழு வருஷமாக இங்கேதானாம். சிரித்தபடியே சொல்லிவிட்டு மறுபடி மெஷினைப் போட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

'வடக்கன்' என்கிற இந்த வார்த்தைக்கு வக்காலத்து வாங்கியவன் நான். "ஆளைத் திட்டலை, நடத்தையைத்தான் திட்டுறோம்" என்று இதே முகநூலில் மல்லுக்கட்டியிருக்கிறேன். ரிசர்வேஷன் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறி நம் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்பது, படிக்கட்டு மூலையெல்லாம் பான் எச்சில். இதற்குக் கோபம் வரத்தான் செய்யும், இப்போதும் வருகிறது. ஆனால் திட்டு நடத்தைக்கு என்றால், அந்த நடத்தை எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். எங்கள் தெருமுனையில் மாவாவை மென்று டிரான்ஸ்ஃபார்மர் மேல் துப்பும் அண்ணாச்சியை நான் ஒருநாளும் வடக்கன் என்றதில்லை. அன்றைக்கு என் வீட்டில் யாரும் துப்பவில்லை. டைல்ஸ் வெட்டினார்கள், அவ்வளவுதான். என் வாயில் வடக்கன் ஆனார்கள்.

இன்னொன்றையும் யோசித்தேன். சௌகார்பேட்டையில் கடை வைத்திருப்பவர் நமக்கு 'சேட்டு'. ஓ.எம்.ஆர். அப்பார்ட்மென்டில் இருக்கும் லக்னோ இன்ஜினியர் 'நார்த் இண்டியன்', அவரிடம் வாடகை வாங்கும்போது 'சார்' கூட உண்டு. வடக்கன் என்றால் சாரத்தில் தொங்கிச் சுவர் பூசுகிறவன், ஹோட்டலில் டேபிள் துடைக்கிறவன். திசைக்குத்தான் பெயர் வைத்தோம் என்று சொன்னால் நம்புவதற்கு நானே தயாராக இல்லை.

"அவனுங்க நம்மளை மதராசின்னு சொல்லலையா?" என்று ஒரு கமென்ட் கட்டாயம் வரும். சொன்னார்கள். நாலு மாநிலத்து ஆட்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சொன்னார்கள். 1966-ல் சிவசேனை தொடங்கியதும் பம்பாயில் தென்னிந்தியர்களை விரட்டக் கேட்ட 'லுங்கி ஹட்டாவ்' கோஷத்துக்கும் அன்றைக்கு ஒரு காரணம் சொன்னார்கள்: எங்கள் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று. இங்கே டீக்கடையில் இன்று கேட்பதும் அதே வசனம்தான்.

இந்தித் திணிப்பு என்றால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். என் தாத்தா 65 போராட்டத்தைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் ஒடியா பேசுகிற ஒருத்தர் தலையில் கொட்டினால் என்ன அர்த்தம்? எங்களுக்கென்று தனி மாகாணம் வேண்டும் என்று மொழியை முன்வைத்துப் போராடி, 1936-லேயே வாங்கியவர்கள் அவர்கள். மொழி அடிப்படையில் இந்தியாவில் முதலில் அமைந்த மாகாணம் ஒடிசாதான். ஆந்திரா தனியாகப் பிரிய 1953 ஆனது. மொழிப்பற்றில் நமக்கு அண்ணன் முறை ஆகிறவரைப் பிடித்து "இந்திக்காரன்" என்கிறோம்.

அன்று ராத்திரி சின்னம்மா வீட்டு ஞாபகம் வந்தது. மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறார்கள். தமிழனை அங்கே மட்டம் தட்டக் 'கெலிங்' என்பார்கள். தம்பி பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சின்னம்மா ஒருமுறை சொன்னார். அந்தக் காலத்தில் அது வசைச்சொல்லே இல்லை. கடல் தாண்டி வந்த இந்தியர்களுக்குப் பொதுவாக வைத்த பெயர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றைக்கும் அதே பெயரில் நிற்கிறது. "வெறும் பேர்தானே, இதுல என்ன இருக்கு?" என்று அங்கேயும் சிலர் கேட்கிறார்கள். சாப்பிடாமல் படுத்தவனிடம் போய்க் கேட்க வேண்டும்.

அந்தக் கெலிங் எங்கிருந்து வந்தது தெரியுமா? கலிங்கம். இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரக் கரையும். ஒடிசாக்காரர் நாட்டின் பெயரைச் சொல்லி அங்கே என் தம்பியை அடிக்கிறார்கள், இங்கே அந்த ஒடிசாக்காரரையே நான் வடக்கன் என்கிறேன். விடிய விடியத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் பீலா விட மாட்டேன், தூங்கினேன். ஆனால் தங்கச்சியிடம் போனில் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் காதிலேயே இருந்தது.

கடைசி நாள். இடுக்குகளில் ஒயிட் சிமென்ட் அடைக்கிற வேலை மட்டும் பாக்கி. "ஏதாவது பிரச்சனைன்னா கூப்பிடுங்கண்ணா, நம்பருக்கு மிஸ்டு கால் குடுக்கறேன்" என்று தன் போனில் அடித்தார். அவர் நம்பரை முதல் நாளே மேஸ்திரியிடம் வாங்கி நான் சேவ் செய்திருந்தது மறந்தே போயிருந்தது. புது டைல்ஸ் மேல் கிடந்த என் போன் அதிர்ந்து வெளிச்சம் போட்டது. 'டைல்ஸ் வடக்கன்'. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.

"வந்துடுச்சாண்ணா?" என்றார்.

"வந்துடுச்சு" என்றேன்.