மீன் தொட்டி அறையில் பிளீச்சும் வினாகிரியும் கலக்க வேண்டாம்

மாரி தொடங்கியதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சுவர்ப் பூஞ்சணத்துக்கு பிளீச்சும் வினாகிரியும் கலந்து அடியுங்கள். தொட்டி மூடியிருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது."

இரண்டுமே பிழை. பிளீச்சுடன் வினாகிரி சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். அது ஆட்களின் நுரையீரலுக்கே ஆபத்து. பிளீச் போத்தலின் லேபிளைப் பாருங்கள். வேறு எந்தத் துப்புரவுப் பொருளுடனும் கிருமிநாசினியுடனும் பிளீச்சைக் கலக்காதீர்கள் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சிடிசியின் இணையத்தளமும் சொல்கிறது.

மூடி காப்பாற்றாது. காற்றுப் பம்ப் அறைக் காற்றை இழுத்துத்தானே தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது! குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். கிணற்றுக்குக் குளோரின் போட்ட கையோடு அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி மீனைப் பறிகொடுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

சின்னத் திட்டு என்றால், யன்னலைத் திறந்து, தொட்டியைப் பொலித்தீனால் மூடி, துடைக்கும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பம்பை நிறுத்துங்கள். முகக்கவசம், கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரே வேண்டாம். சுவர் நன்றாகக் காயவேண்டும். தொட்டியிலிருந்து ஆவியாகும் ஈரமும் பூஞ்சணத்துக்குத் தீனிதான். தொட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் மற்றவர்களுக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.